பையோட வா

எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வந்தால்கூடப் பிள்ளைகள் பாதிதான் அடங்குவார்கள். நான் வகுப்பு வாசலில் போய் நின்றால் மூச்சுச் சத்தம் கேட்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் வாத்தியாரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆபீஸ் உதவியாளர். மணி அடிப்பது, சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிடுவது, ஆறாம் வகுப்புக் குழந்தை வாந்தி எடுத்தால் மண் போட்டு அள்ளுவது, எல்லாம் என் தலையில்தான். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பெல்லக்கா.

என் வாயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பயப்படுவது நான் சொல்லக்கூடிய இரண்டு வார்த்தைக்கு. ‘பையோட வா.’

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு வாத்தியார் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எங்கே என்ன பேசுவது என்று தெரியாது. ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, “உங்க அப்பா தவறிட்டாராம், வீட்டுக்குப் போப்பா” என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டார். பையன் நின்ற இடத்திலேயே விழுந்தான். பெஞ்சு முனை குத்தி நெற்றி கிழிந்து, அந்தக் கட்டோடுதான் அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தான். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் அன்றைக்கே ஒரு உத்தரவு போட்டார். சாவுச் செய்தியைப் பள்ளிக்கூடத்துக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பிள்ளையைப் பையோடு அழைத்து, கூடவே ஒரு பெரிய ஆள் போய் வீட்டில் விட்டுவர வேண்டும். வீட்டு மனிதர்கள் மடியில் விழுந்து அழட்டும் என்றார். நல்ல எண்ணம்தான்.

காய்ச்சல், பல்வலி, மாமா வந்திருக்கிறார் என்றால் பிள்ளையை வெறுங்கையோடு ஆபீசுக்கு அழைப்போம். பையைப் பிறகு நானே போய் எடுத்துவருவேன். பையோடு அழைத்தால் அது ஒன்றுதான். பிள்ளைகள் என்ன, முட்டாள்களா? ஒரு வருஷத்தில் புரிந்துகொண்டார்கள். பிறகு ஊர்க்காரர்களுக்கும் புரிந்துவிட்டது. போன் செய்கிறவர்கள்கூட, “பையோட அனுப்பிடுங்கக்கா” என்று மட்டும் சொல்வார்கள். யார், என்ன, எப்படி என்று நான் கேட்க மாட்டேன். அழுகிற மனிதரிடம் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வாய் வராது. அதை ஒரு மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பெல்லக்கா, உன் முகத்தைப் பார்த்தாலே பசங்களுக்கு வயித்தைக் கலக்குது. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுப் போயேன்” என்பார் வாட்ச்மேன் அண்ணன். 

“சிரிச்சுக்கிட்டே போய்ச் சாவு சொல்லவா? உன் புத்தியைக் கொண்டுபோய்ப் பூட்டுக்குள்ள வை” என்பேன். அவர் அதற்கும் சிரிப்பார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான்.

ஒன்பதாம் வகுப்பில் குவாரி லைனிலிருந்து வருகிற பெண்கள் இரண்டு பேர். குவாரி லைன் என்பது கல் உடைக்கிறவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தகரக் கூரை வீடுகள், நாலு வரிசை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கி இருபது நிமிஷ நடை. ஒருத்தியை எல்லாரும் ரேடியோ என்பார்கள். காலையில் கேட்டுக்குள் நுழையும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பஸ் ஏறும்வரை வாய் மூடாது. இன்னொருத்தி கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போட்டவள், காதோரம் ஒரு கம்பி உடைந்து நூல் சுற்றியிருக்கும். அவள் பேசி நான் கேட்டது குறைவு. இவள் பேச அவள் கேட்க, இரண்டும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

கண்ணாடியின் அம்மாவுக்குக் கல்தூசி நெஞ்சில் ஏறிப் படுத்த படுக்கை. அப்பா கிடையாது. அந்த வருஷத்தில் மட்டும் இரண்டு தடவை குவாரிக் கடைக்காரர் ஆபீசுக்குப் போன் செய்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், பெண்ணை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். லைனில் போன் இருப்பது அவர் கடையில்தான். இரண்டு தடவையும் நான்தான் கண்ணாடியைக் கேட் வரை கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது தடவை அவள் போவதைப் பார்த்துக்கொண்டே, ‘அடுத்த போன் பையோடதான்’ என்று மனதுக்குள் நினைத்தேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. அந்தப் போனுக்கு நான் காத்திருந்தேன் என்றுதான் அர்த்தம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே தொட்டிக் குழாய் உடைந்து வராந்தா முழுக்கத் தண்ணீர். கிளார்க் லீவு. தலைமை ஆசிரியை டவுனில் மீட்டிங் என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். ஆபீசுக்கு நான் ஒருத்தி, குழாய்க்கு நான் ஒருத்தி, மணிக்கு நான் ஒருத்தி. இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பத்தரை இருக்கும்.

“அக்கா, குவாரிக் கடையிலேருந்து பேசறேன். ஒன்பதாவதுல நம்ம பொண்ணை... பையோட...” 

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. 

“சரிங்க, சரிங்க. நானே கூட்டிட்டு வந்துடறேன். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க” என்றேன். போனை வைத்தேன்.

ஒரு கேள்வி. ‘யாருக்குங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றதும் வழக்கம்போல எல்லாம் அடங்கியது. நாற்பது தலையும் என்னையே பார்க்க, ஒவ்வொன்றும் ‘நான் இல்லை, நான் இல்லை’ என்று வேண்டிக்கொள்வது எனக்குத் தெரியும். நான் கண்ணாடியைப் பார்த்தேன். “பையோட அனுப்புங்க டீச்சர்” என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வகுப்பில் எல்லாருக்கும் கண்ணாடியின் அம்மாவைப் பற்றித் தெரியும்.

அவளுக்குக் கை ஓடவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். ரேடியோதான் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புத்தகம், பென்சில் டப்பா, சாப்பாட்டு டப்பா என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். பை ஜிப்பு மூடவில்லை. தன் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். தன் கைக்குட்டையை எடுத்து அவள் கையில் திணித்தாள். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரைக்கும் வந்தாள்.

“அக்கா, நானும் கூடப் போறேனே. எங்க வீடும் அதே லைன்தான். அவ தனியாத் தாங்க மாட்டாக்கா.”

என் கால் ஈரம். சேலை ஈரம். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். 

“ஒருத்திக்கு ஒண்ணுன்னா ஊரே கிளம்பணுமா? கிளாசை விட்டு ஓட ஒரு சாக்குக் கிடைச்சாப் போதுமே உங்களுக்கு! போ, போய் உக்காந்து படி.” 

“இல்லக்கா, அவளுக்காகத்தான்...” 

“போன்னா போ!” 

போய்விட்டாள். நான் ஆபீசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வாட்ச்மேன் அண்ணனிடம், மணியை நேரத்துக்கு அடி, தூங்கிவிடாதே என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அதுதானே எங்கள் வழக்கம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும், ரேடியோ கொடுத்த கைக்குட்டையில் துடைப்பதும், மறுபடி போட்டுக்கொள்வதுமாக இருந்தாள். பாதி வழியில் மட்டும் மெதுவாகச் சொன்னாள். 

“காலைல அம்மா தலை வாரி விடறேன்னாங்கக்கா. எழுந்து உக்கார்ந்துட்டாங்க, சீப்பைக் கூட எடுத்துட்டாங்க. நேரமாச்சும்மான்னு கையைத் தட்டி விட்டுட்டு வந்துட்டேன்.” 

“பேசாம வா கண்ணு” என்றேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

லைனுக்குள் முதல் வரிசையிலேயே அவள் வீடு. வாசலில் கூட்டம் இருக்கும் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை. நிலைப்படியை ஒட்டிப் பாய் போட்டு, சுவரில் சாய்ந்து, அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திவைத்தாள். 

“என்னடி, அதுக்குள்ள ஸ்கூல் விட்டாச்சா?” 

கண்ணாடி பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த மடியில் விழுந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “வாரி விடும்மா, இப்ப வாரி விடும்மா” என்றாள். அந்தத் தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர வர வாய்விட்டுச் சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் பையோடு அழைத்துப்போய் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒப்பாரி கேட்டது. அங்கிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். 

“எங்கக்கா அந்தப் பொண்ணு? ரேடியோ எங்கே? அப்பன் முகத்தைப் பார்க்க அவளைக் கூட்டிட்டு வரலையா?” 

நான் ஒப்பாரி வந்த பக்கம் ஓடினேன்.

காலையில் வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தில் பாறை சரிந்திருக்கிறது. ரேடியோவின் அப்பா அடியில் நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவள் என்று கண்ணாடியின் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் போனபோது உடம்பை அப்போதுதான் கொண்டுவந்து வீட்டு முன்னால் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கழுத்து வரைக்கும் துணி சுற்றியிருந்தது. உள்ளே என்ன மிச்சம் என்று யாரும் சொல்லவில்லை. முகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சவரம் செய்த முகம்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் ரேடியோவுக்குத் தாய்மாமன். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 

“எங்கக்கா எங்க பொண்ணு?” 

“நான்... நான் அந்தப் பொண்ணைன்னு நினைச்சு...” 

அவர் புரிந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ரேடியோவின் அம்மாதான் பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு, “அவளைக் கூப்பிடுங்க, அவ முகம் பார்க்கணும், அவ அப்பா செல்லம்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இதோ கூட்டிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்” என்றேன். 

“மூணு மணிக்கு மேல வைக்க முடியாதுக்கா” என்றார் கடைக்காரர். “டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கார். உடம்பு அந்த நிலைமையில இருக்கு. நாங்க வச்சுக்க மாட்டோம்னா சொல்றோம்? முடியலை.”

அப்போது மணி பன்னிரண்டரை. கடைக்கு ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது எடுங்களேன், எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கத்தினேன். பத்தாவது தடவையோ பதினொன்றாவது தடவையோ இடுப்பில் ஏதோ குத்தியது. ஆபீஸ் சாவி. பூட்டிய அறைக்குள் அடிக்கிற போனைத் திறந்து எடுக்க வேண்டியவள் இங்கே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. ஒரு கல் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். டிரைவர் நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டார். ஆனால் லாரி எடை மேடையில் வரிசையில் நிற்க வேண்டும், சீட்டு வாங்காமல் ரோட்டுக்குப் போக விட மாட்டார்கள். முன்னால் ஒன்பது லாரி. எடை போடுகிறவனிடம் சண்டை போட்டேன், கெஞ்சினேன், மறுபடி சண்டை போட்டேன். “எல்லாருக்கும்தாம்மா அவசரம்” என்றான். அவன் நாசமாய்ப் போக என்று நினைத்தேன். அவன்மேல் என்ன தப்பு? அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். “என்னக்கா, ஆபீசுல போன் அடிச்சுத் தள்ளிடுச்சு. பூட்டியிருக்கே, நான் என்ன பண்றது? ஜன்னல் வழியா, ஆளில்லை, ஆளில்லைன்னு அதுக்கிட்ட சொல்லிப் பார்த்தேன், கேக்க மாட்டேங்குது.” வழக்கம்போலச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மணி இரண்டு முப்பத்தைந்து.

ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு வகுப்பு. ரேடியோ மைதானத்தில் பந்து வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ என்னவோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் பந்தைப் போட்டுவிட்டு அவளே ஓடிவந்தாள். 

“பையை எடுத்துக்கிட்டு வாம்மா.” 

“கண்ணாடிக்குத் துணைக்காக்கா? நான்தான் அப்பவே சொன்னேனே!” 

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத வாய். “ஆமாம்மா” என்றேன்.

சயின்ஸ் சாரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. எட்டாம் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவர் முன்னால், ரேடியோ நடுவில், நான் பின்னால். காற்றில் அவள் பேசுவது பாதிதான் கேட்டது. கண்ணாடி சாப்பிட்டாளா என்று கேட்டாள். பிறகு கழுத்தைத் திருப்பி என் காதருகில் சொன்னாள். 

“அக்கா, அவளை எங்க வீட்டுலயே வச்சுக்கறோம். எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். அவருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.” 

நான் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவருக்குத் தெரியும், நான் சொல்லியிருந்தேன். அந்த இருபது நிமிஷ நடைப்பாதையில்கூட வண்டியை நிறுத்தாமல் கல்லின் மேலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கி ஓட்டினார்.

லைனுக்கு முன்னால் ஒரு திருப்பம். அதில் ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள், ஒரு இருபது முப்பது பேர், பேசாமல் வந்தார்கள். கடைக்காரர் கையில் மண்வெட்டி. முழங்கை வரைக்கும் மண். எங்களைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று பத்துக்கு எடுத்தார்களாம். அதற்கு மேல் முடியவில்லை, பக்கத்தில்தான் இடம், சீக்கிரமே மூடிவிட்டார்கள். அப்போது மூன்று முப்பது.

ரேடியோ வண்டியிலிருந்து இறங்கினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். 

“மாமா, அப்பா எங்கே? எல்லாரும் வரீங்க, அப்பா மட்டும் வரலை?” 

அவள் மறுபடியும் கூட்டத்தை முதலிலிருந்து பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். 

“காலைலயே நானும் வரேன்னு சொன்னேனேக்கா.” 

அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகுதான் கத்தினாள். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது.

தலைமை ஆசிரியை என்னைத் திட்டவில்லை. “நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றார். ஒரு புது நோட்டைக் கொடுத்தார். இனிமேல் போன் வந்தால் பிள்ளையின் பெயர், வகுப்பு, பேசுகிறவர் யார், யாருக்கு என்ன என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும் என்றார். எல்லாக் கட்டங்களும் போட்ட நோட்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்திருந்தால் என்ன? வீட்டில் என் புருஷன், “எல்லாருக்கும் நடக்கிறதுதான், விடு” என்றார். “எல்லாருக்கும் எங்கே நடக்குது? எனக்குத்தானே நடந்துச்சு! அந்தப் பொண்ணுக்குத்தானே நடந்துச்சு!” என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

ரேடியோ பதினாறு நாள் கழித்து வந்தாள். நான் ஏழு மணியிலிருந்து கேட்டில் நின்றேன். காலில்கூட விழுந்துவிடலாம் என்றுதான் நின்றேன். வந்தாள். “குட் மார்னிங்க்கா” என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளை யாரும் அதற்குப் பிறகு ரேடியோ என்று கூப்பிடவில்லை. கூப்பிட ஒன்றும் இல்லை, அவள்தான் பேசுவதே இல்லையே.

இன்னொன்றும் நடந்தது. கண்ணாடி இடம் மாறிக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். இரண்டும் ஒரே பஸ்ஸில் வரும், ஒருத்தி முன்னால் இறங்குவாள், ஒருத்தி பின்னால் இறங்குவாள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தினேன். 

“ஏன்டி, அவகூடப் பேச மாட்டியா? இந்த நேரத்துலதான் பேசணும். உனக்கு மனசே இல்லையா?” 

“என்னன்னு பேசறதுக்கா?” என்றாள். டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “எங்கம்மா இருக்காங்கன்னு நான் சிரிச்சேன். அங்க அவங்க வீட்டுல அழுதுட்டிருந்தப்போ நான் இங்க சிரிச்சேன். அது அவளுக்கும் தெரியும்.” 

“நானும்தான்டி சிரிச்சேன்.” 

அவள் டம்ளரைச் சங்கிலியில் விட்டுவிட்டுப் போனாள். நான் தொட்டியைத் தேய்த்தேன்.

நாலு மாசம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, இரண்டாவது பீரியட் மணியை அடித்துவிட்டு ஆபீசுக்குள் நுழைந்தேன், போன் அடித்தது. குவாரிக் கடைக்காரர். எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே நோட்டை விரித்தேன். 

“சொல்லுங்க. யாரு? எந்தப் பொண்ணு? யாருக்கு?” 

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன். திருப்பி வாசித்துக் காட்டினேன். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்றும் கேட்டேன். “சாயங்காலம் அஞ்சு மணி ஆகும்க்கா. நிதானமா வாங்க” என்றார். அந்த ‘நிதானமா’ என்கிற வார்த்தையை எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வகுப்பு வாசலில் போய் நின்றேன். எல்லாம் அடங்கியது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கண்ணாடி என்னைப் பார்த்தபடியே எழுந்து வந்தாள், பையில்லாமல். வராந்தாவில் என் எதிரில் நின்றாள். 

“அம்மாவாக்கா?” 

ஆபீசுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தலைமை ஆசிரியைதான் சொல்ல வேண்டும் என்பது புது ஏற்பாடு. அது வரைக்கும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டுமா? 

“ஆமாம்மா. அம்மாதான். அரை மணி நேரம் முன்னால. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழவில்லை. என் மேல் சாய்ந்துகொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால், வகுப்புக்குள் கடைசி பெஞ்சில் ரேடியோ குனிந்து நின்றிருந்தாள். கண்ணாடியின் புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் டப்பா, சாப்பாட்டு டப்பா. ஜிப்பு இன்னும் சரிசெய்யப்படவில்லை, ஊக்கைக் குத்தினாள். அந்தப் பையை ஒரு தோளில் மாட்டினாள். தன் பெஞ்சுக்குப் போய்த் தன் பையை எடுத்து இன்னொரு தோளில் மாட்டினாள். டீச்சரிடம் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தாள். ‘நானும் வரட்டுமா’ என்று என்னைக் கேட்கவில்லை. கேட்பாள், ‘வாம்மா’ என்று சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில். நாலு மாசமாகப் பேசாத இரண்டு பேர். பாதி வழி வரைக்கும் கண்ணாடி அழுதுகொண்டே வந்தாள். ரேடியோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். 

“அழாதடி” என்றாள். “நேரம் இருக்கு. நீ முகம் பார்த்துடுவே.”